திரும்புறதுக்கும் ஒரு பிளான்

ஃபைனல் இயர் வந்துட்டாலே எல்லா ரூமிலும் ஒரு ட்ரிப் பேச்சு ஓடும். உங்க ரூமிலும் ஓடிக்கிட்டிருக்கும். பெரும்பாலும் அது வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்து அங்கேயே செத்துப்போகும். எங்க குரூப்புக்கு இதுவரை மூணு பேர் மாத்தியாச்சு: 'கோவா லோடிங்', 'கோவா கன்ஃபார்ம்', 'கோவாவே வேணாம்'. நாலாவது பேர்தான் நிலைச்சது: 'ஸ்பிட்டி'.

ஸ்பிட்டி ஹிமாச்சல் பிரதேசத்தில் திபெத் எல்லையை ஒட்டி இருக்கிற ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குன்னு பேரு, ஆனா காசா என்ற ஊரே சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கு. நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதுக்கு மேல இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏறினால்தான் காசாவின் பஸ் ஸ்டாண்ட். அங்கே ஃபோர் பை ஃபோர் வண்டி எடுத்துக்கிட்டு, டென்ட் கட்டிக்கிட்டு, பாலமே இல்லாத ஓடைகளைத் தாண்டிப் போகணும். அஞ்சு பேர். ஜூன் மாசம். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி, வேலையில் சேர்றதுக்கு முன்னாடி.

இன்னும் போகலை. இது போய்ட்டு வந்த கதை இல்லை. ஆனா பிளான் போட்ட இந்த நாலு மாசத்தில் கத்துக்கிட்டதே ஒரு எலெக்டிவ் பேப்பர் அளவுக்கு இருக்கு. அதனால உங்களுக்கும் சொல்லிடலாம்னு தோணுச்சு.

முதல் கேள்வி, எந்தப் பக்கமா போறது? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மணாலி வழி. 2020-ல் திறந்த அடல் சுரங்கத்துக்குள்ள சுமார் 9 கி.மீ. போய் வெளியே வந்தா, கிராம்பு, சத்ரு, பாத்தல், குன்சும் கணவாய், லோசர், காசா. மணாலியிலிருந்து ஏறக்குறைய 200 கி.மீ. மேப்பில் பார்த்தா சென்னையிலிருந்து திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போற மாதிரி இருக்கும். ஆனா கிராம்புவுக்கு அப்புறம் வர்றது ரோடுன்னு சொல்ல முடியாது, ஆத்துப்படுகையில் கல்லை ஒதுக்கி வச்ச மாதிரி ஒரு தடம்.

இன்னொண்ணு ஷிம்லா வழி. தூரம் ரொம்ப அதிகம், நாளும் அதிகம். நாங்க இதைத்தான் எடுத்தோம். காரணம் ரோடு இல்லை, நுரையீரல். மணாலி 2,000 மீட்டர் சொச்சம். அங்கிருந்து ஒரே நாளில் 4,500 மீட்டருக்கு மேல இருக்கிற குன்சுமைத் தொட்டா உடம்பு தாங்காது. தலைவலி, வாந்தி, அதுக்கு மேல போனா நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோர்க்கும். 3,000 மீட்டருக்கு மேல போனதும், தூங்குற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. அதை வச்சுத்தான் எங்க ராத்திரிகளைக் கணக்குப் போட்டோம். ஷிம்லா, கல்பாவில் ரெண்டு ராத்திரி, தாபோ, காசாவில் ரெண்டு ராத்திரி, அப்புறம் சந்திரதால். நாக்கோ 3,600 மீட்டர், அங்கே டீ குடிச்சுட்டு 3,280 மீட்டரில் இருக்கிற தாபோவுக்கு இறங்கித் தூங்குறோம். தாபோ மடாலயம் 996-ல் தொடங்கினது. நம்ம தஞ்சைப் பெரிய கோயிலை விடக் கொஞ்சம் மூத்தது. அதுக்காகவே அங்கே ஒரு ராத்திரி தங்கலாம்.

இப்போ எல்லாரும் ரீல்ஸில் பார்க்குற விஷயத்துக்கு வருவோம். தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஜீப் போகும், ரெண்டு பக்கமும் தண்ணி இறக்கை மாதிரி விரியும், பின்னாடி பிஜிஎம். நாம இன்ஜினியரிங் படிச்சவங்க. அதனால ஒரு நிமிஷம் மியூட் பண்ணிட்டுக் கணக்குப் போடலாம்.

நாங்க எடுக்கப்போற மாதிரி தார் வண்டி ஏறக்குறைய 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். அதாவது அடிப்பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். வண்டியின் தளத்துக்கு மேல தண்ணி 10 செ.மீ. ஏறினாலே 0.7 கன மீட்டர் தண்ணியை அது ஒதுக்குது. ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி 700 கிலோ தூக்கு விசை. வண்டியின் எடை 1,700 கிலோ சொச்சம். அப்போ 25 செ.மீ. ஏறினா? ஏறக்குறைய மொத்த எடையும் போச்சு. வண்டி சீல் வச்ச டப்பா இல்லை, கதவிடுக்கு வழியா தண்ணி உள்ளே வரும், அதனால கணக்கு இவ்வளவு சுத்தமா வராது. ஆனா அந்த முதல் சில நொடி போதும்.

இங்கதான் ஃபோர் பை ஃபோர் பத்தி நம்ம நம்பிக்கை ஆட்டம் காணுது. நாலு சக்கரத்துக்கும் பவர் போகும், சரி. ஆனா சக்கரம் பிடிக்கத் தரை வேணுமே? எடை குறைஞ்சா பிடிப்பும் குறையும். பக்கத்திலிருந்து தள்ளுற தண்ணியோட விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீரோட்டம் ரெண்டு மடங்கானா தள்ளுறது நாலு மடங்கு. தார் 650 மி.மீ. ஆழத்தில் போகும்னு கம்பெனி சொல்லுது. அது வண்டியின் திறமையைச் சொல்ற நம்பர். ஓடுற ஆத்துக்கும் உருளுற கல்லுக்கும் அந்த நம்பர் தெரியாது.

இன்ஜினுக்கும் ஒரு கதை இருக்கு. ஏர் இன்டேக் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிட்டா முடிஞ்சது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும், தண்ணி வழிவிடாது, கனெக்டிங் ராடு வளையும். அதனால நடு ஓடையில் இன்ஜின் நின்னா திரும்ப சாவியைத் திருகவே கூடாது.

இதையெல்லாம் கூட்டிக் கழிச்சு எங்க ஷீட்டில் எழுதி வச்சது இதுதான். ஓடையைப் பார்த்ததும் வண்டி நிக்கணும். இறங்கி, முடிஞ்சா வேற ஒரு வண்டி தாண்டுறதைப் பார்க்கணும். குறுகலான இடம் ஆழமா இருக்கும். அகலமா விரிஞ்சு சலசலன்னு ஓடுற இடம் பெரும்பாலும் ஆழம் கம்மி. தண்ணி முழங்காலுக்கு மேல இருந்தா வண்டி இறங்காது. சீட் பெல்ட்டைக் கழட்டி, கண்ணாடியை இறக்கி, ஃபோர் லோ போட்டு, முதல் இல்லன்னா ரெண்டாவது கியர். நடக்குற வேகத்தில் இறங்கணும். நடுவில் கியர் மாத்தக் கூடாது, நிக்கக் கூடாது. ஒரு வண்டி கரையேறின பிறகுதான் அடுத்தது. ஏறினதும் பிரேக்கை ரெண்டு மூணு தடவை மெதுவா அழுத்தி உலர விடணும்.

எல்லாத்தையும் விட முக்கியம் நேரம். அங்கே ஓடைக்குத் தண்ணி மழையிலிருந்து வர்றதை விடப் பனி உருகி வர்றதுதான் அதிகம். ராத்திரி உறையும், வெயில் ஏறினா உருகும், உருகினது கீழே வந்து சேர மதியம் தாண்டிடும். காலையில் கணுக்கால் நனையுற ஓடை சாயங்காலம் இடுப்பளவு ஆகலாம். அதனால சந்திரதாலிலிருந்து கிளம்புற நாள் அஞ்சரை மணிக்கே டென்ட் மடிக்கிறோம். காலேஜுக்கு எட்டரைக்கே எழுந்திருக்காத ஆளுங்க நாங்க. இதுக்கு மட்டும் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.

இந்த ஷீட்டை எடுத்துக்கிட்டுப் போய் என் ரூம்மேட் அப்பாகிட்ட காட்டினோம். சங்ககிரிப் பக்கம், லாரி டிரைவர். ஜம்மு வரைக்கும் லோடு ஏத்திப் போனவர். ஸ்டெப்னி எத்தனை, ஜாக்கி எந்த ஜாக்கி, இழுக்குற கயிறு எத்தனை டன் தாங்கும்னு ஒவ்வொண்ணாக் கேட்டார். காசாவுக்கு அப்புறம் அந்த வழியில் மணாலி வரைக்கும் பங்க் இல்லைன்னு சொன்னதும், தனியா கேன்ல டீசல் இருக்கான்னு கேட்டார். "ஹேண்ட் பிரேக்கை நம்பாதீங்க கண்ணு, டயருக்குக் கல்லு வையுங்க" என்றார். எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டவர், கடைசியில் ஷீட்டைக் கீழே வச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"சரி கண்ணு. எந்த இடத்துல திரும்புவீங்க? அத யாரு சொல்றது?"

அந்தக் கேள்விக்கு எங்க குரூப்பில் ரெண்டு வாரம் சண்டை நடந்தது. அவரே ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்: காசாவிலிருந்து மணாலி வரைக்கும் அந்த ரோட்டில் தினம் ஓட்டுற உள்ளூர் ஆள் ஒருத்தரைக் கூட வச்சுக்கணும், ஓடையில் அவர்தான் ஓட்டணும். "அப்புறம் நாம எதுக்குடா போறோம்? பின்சீட்ல உக்காந்து பார்க்கவா?" என்றான் ஒருத்தன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கிப் பழகினவன் அவன். அவன் கோபம் நியாயம்தான். இன்னொருத்தனோ ஒரு வார்த்தையும் பேசாமல் ரெண்டு செய்தியை மட்டும் குரூப்பில் போட்டான்.

ஒண்ணு, 2014 ஜூன் 8. ஹைதராபாத்திலிருந்து மணாலிக்கு டூர் வந்த பொறியியல் மாணவர்கள், மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றில் போட்டோ எடுக்க இறங்கினாங்க. மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணி வந்தது. 24 மாணவர்கள் இறந்தாங்க. நம்ம மாதிரியே செமஸ்டர் எழுதினவங்க, நம்ம மாதிரியே குரூப் போட்டோ எடுத்தவங்க. இன்னொண்ணு, 2023 ஜூலை. சந்திரதால் முகாம்களில் ஏறக்குறைய 300 பேர் பனியில் மாட்டிக்கிட்டாங்க. ரோட்டில் கிடந்த பனியை எந்திரம் வச்சு வெட்டி, நாள் கணக்கில் போராடித்தான் அவங்களைக் கீழே கொண்டுவந்தாங்க.

ஓட்டு எடுத்தோம். 3-க்கு 2. உள்ளூர் டிரைவர் வர்றார். தோத்த ரெண்டு பேரில் ஒருத்தன் ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் அவனே டிரைவருக்கும் சேர்த்து பட்ஜெட்டை மாத்தி அனுப்பினான். தலைக்குச் சில ஆயிரம் கூடுது. அதுக்காக ஷிம்லா ஹோட்டலை விட்டுட்டு டார்மிட்டரிக்கு மாறிட்டோம்.

திரும்புறது யார் சொல்றதுங்கிறதுக்கும் ஒரு விடை கிடைச்சது: யார் வேணா சொல்லலாம். அஞ்சு பேரில் ஒருத்தர் 'வேணாம்'னு சொன்னா போதும், வண்டி திரும்பும். காரணம் கேட்கக் கூடாது. ராத்திரி கலாய்க்கவும் கூடாது. இந்தக் கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். நம்ம பசங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியும். ஆத்து ஆழத்தை விட, நண்பன் சிரிச்சிடுவானோங்கிற பயம்தான் நிறைய பேரைத் தண்ணியில் இறக்குது.

இன்னொரு விஷயம் எங்க யாருக்கும் தோணாதது, ரூம்மேட் அப்பா சொன்னது. லாரியில் ஆக்சிடென்ட் ஆகுறது ரோட்டால இல்லை, 'நாளைக்குக் காலையில லோடு இறங்கணும்'கிற போன்காலாலன்னார். எங்களுக்கு அந்த போன்கால் எது? ரிட்டர்ன் டிக்கெட். சண்டிகரிலிருந்து மறுநாள் ஃபிளைட் இருக்குன்னா, சாயங்காலம் நாலு மணிக்கு இடுப்பளவு தண்ணியைப் பார்த்தாலும் 'போயிடலாம்டா'ன்னுதான் தோணும். அதனால ரெண்டு நாள் சும்மா விட்டு டிக்கெட் போட்டிருக்கோம். எல்லாம் நல்லா போச்சுன்னா அந்த ரெண்டு நாள் மணாலியில் தூங்குவோம்.

சாப்பாட்டைப் பத்தியும் சொல்லிடறேன், நீங்க கேட்பீங்க. 4,250 மீட்டரில் தண்ணி 86 டிகிரிக்கிட்டேயே கொதிச்சுடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கர் கட்டாயம். எங்க அம்மா ஒரு படி மேல போய் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடின்னு லிஸ்ட் எழுதிட்டாங்க. சாதம் மட்டும் வெந்தா போதும். டென்ட்டை ஏரிக்கரையில் போட முடியாது, அனுமதி இல்லை. முகாம் போடுற இடம் தள்ளித்தான் இருக்கு, அங்கிருந்து நடந்து போய் ஏரியைப் பார்க்கணும். சந்திரதால் ராம்சார் பட்டியலில் இருக்கிற ஈரநிலம். நாம கொண்டுபோற பிஸ்கட் கவர் நம்மளோடயே திரும்பி வரணும்.

அம்மா சம்மதிச்சது பொடியால இல்லை, அதையும் சொல்லணும். 'ஆபத்தே இல்லம்மா'ன்னு நான் சொல்லலை. ஆபத்து எங்கெங்க இருக்குன்னு ஷீட்டைத் திறந்து காட்டினேன். காசா தாண்டினதும் கிட்டத்தட்ட 36 மணி நேரம் சிக்னல் இருக்காது, எந்த நாள், எத்தனை மணி வரைக்கும் பயப்பட வேண்டாம், எத்தனை மணிக்கு மேல 112-க்குக் கூப்பிடணும்னு எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை ரெண்டு தடவை படிச்சாங்க. "அந்த 'வேணாம்'னு சொல்றது நீயா இருந்தாலும் பரவால்லடா" என்றாங்க. அந்தப் பேப்பர் இப்போ எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வச்சு ஒட்டியிருக்கு.

செப்டம்பரில் போனா தண்ணி குறைவா இருக்கும், வானமும் தெளிவா இருக்கும்னு எங்களுக்கும் தெரியும். ஆனா செப்டம்பரில் ஒருத்தன் பெங்களூரில் இருப்பான், ஒருத்தன் ஜெர்மனியில், ஒருத்தன் அவங்க அப்பா கடையில். ஜூனை விட்டா இந்த அஞ்சு பேரும் ஒரே வண்டியில் உட்காரப் போறது எப்பன்னு தெரியாது. அதனாலதான் இவ்வளவு கணக்கு.

குன்சும் சில வருஷம் மே கடைசியிலேயே திறக்கும், சில வருஷம் ஜூன் பாதி ஆகும். திறந்திருந்தா, காலையில் தண்ணி முழங்காலுக்குக் கீழே இருந்தா, அஞ்சு பேரும் சரின்னு சொன்னா, மணாலி வழியா இறங்குவோம். இல்லன்னா காசாவிலிருந்து வந்த வழியே ஷிம்லாவுக்குத் திரும்புவோம். ஷீட்டில் ரெண்டு வழிக்கும் டீசல் கணக்கு போட்டு வச்சிருக்கோம். உங்க குரூப்பிலும் ஒரு ஷீட் ஓடிக்கிட்டிருந்தா, 'திரும்புறது'ன்னு ஒரு காலம் சேர்த்துட்டு, அதுக்குக் கீழே என்ன எழுதுறதுன்னு இன்னைக்கே பேசிடுங்க. சண்டை வரும். ஹாஸ்டல் மொட்டைமாடியில் வர்ற சண்டை பரவாயில்லை.