ஒரு மணி நேர வழிக்கு ஒரு ஹெலிகாப்டர்

ஜிலாங்,
11 ஆகஸ்ட் 2015

அன்புள்ள வாயாடிக்கு,

"உங்க ஊர்ல ஏதோ ஹெலிகாப்டர் கலாட்டாவாமே, முழுசா எழுதுடி" என்று நீ கேட்டு நாலு நாள் ஆயிற்று. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நடுவில் உன் வீட்டுக்காரர் போனை வாங்கி எனக்கே ஆஸ்திரேலிய அரசியலைப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் எழுத்தில் கொட்டிவிடுகிறேன். காபியைக் கலந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்.

முதலில் ஊர்ப் பெயர். கீலாங் என்று வாசித்து என் மானத்தை வாங்காதே. ஜிலாங். இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாத்தாரோங் மக்களின் சொல்லிலிருந்து வந்த பெயர். மெல்போர்னிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். சென்னைக்கும் உன் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள். காரில் ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் கொஞ்சம் கூட. ரயிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாரத்தில் நாலு நாள் நான் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். காலை வண்டியில் பாதி ஊரே என்னோடு தூங்கி வழிந்துகொண்டு வரும். ஆனாலும் மெல்போர்ன்காரர்களுக்கு நாங்கள் 'ஸ்லீப்பி ஹாலோ', தூங்குமூஞ்சி ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி, இல்லாவிட்டால் இந்த ஊர் ஏன் இப்படிக் கொதித்தது என்று உனக்குப் புரியாது.

கதாநாயகி பிரான்வின் பிஷப். வயது 72. சிட்னிக்காரி, லிபரல் கட்சி, இந்த மாதம் 2ஆம் தேதி வரை நாடாளுமன்ற சபாநாயகர். தூக்கிக் கட்டிய கொண்டை, காலர் நிமிர்ந்த கோட்டு, கழுத்தில் முத்து. எந்தக் காற்றிலும் அந்தக் கொண்டை கலையாது. (ஆம்பளை சபாநாயகராக இருந்தால் தலைமுடியைப் பற்றி எழுதுவேனா என்று நீ கேட்பாய். எழுதமாட்டேன்தான். ஆனாலும் அந்தக் கொண்டையை நீ பார்க்கவேண்டும்.) சபையில் கூச்சல் போடுகிறவர்களை வெளியே அனுப்ப 94(ஏ) என்று ஒரு விதி இருக்கிறது. "ஒரு மணி நேரம் வெளியே இரு" என்பதுதான் தண்டனை. இந்த அம்மா இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகாத தன் காலத்தில் 400 தடவை அப்படி வெளியே அனுப்பியிருக்கிறார். அதில் 393 தடவை போனது எதிர்க்கட்சியான லேபர் ஆட்கள்.

போன வருஷம் நவம்பரில் எங்கள் விக்டோரியா மாநிலத் தேர்தல் நேரம். எங்கள் ஊரைத் தாண்டி பெல்லரின் தீபகற்பத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்று கடலோரமாக ஒரு சின்ன இடம். அங்கே கோல்ஃப் கிளப்பில் அவருடைய கட்சிக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. கட்சிக்காரர்கள் டிக்கெட் வாங்கி, சாப்பிட்டு, கைதட்டிவிட்டுப் போகிற சமாச்சாரம். அதற்கு இந்த அம்மா மெல்போர்னிலிருந்து வாடகை ஹெலிகாப்டரில் வந்தார். பில் 5,227 டாலர். நம் கணக்கில் இரண்டரை லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 'அலுவல் பயணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அரசாங்கக் கணக்கில் வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஜூலை நடுவில் ஒரு மெல்போர்ன் பத்திரிகை போட்டு உடைத்ததும் பற்றிக்கொண்டது.

சிட்னியிலும் கான்பராவிலும் டி.வி.க்காரர்கள் பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் தெருவில் அது வேறு பேச்சு. எதிர்வீட்டுப் பெயின்டர் முப்பது வருஷமாக வேனை எடுத்துக்கொண்டு மெல்போர்ன் போய் வருகிறவர். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்: "பணத்தை விடும்மா. ஹெலிகாப்டரில் வருகிற அளவுக்கு நாம் என்ன அண்டார்டிகாவிலா இருக்கிறோம்?" முடி வெட்டப் போன இடத்தில் அந்தப் பெண், கத்திரியை ஆட்டி ஆட்டி, "எங்க அப்பா டாக்டரைப் பார்க்க அதே ரோட்டில்தான் போறார், அவர் இடுப்புக்கு யார் ஹெலிகாப்டர் தர்றாங்க?" என்றாள். என் காதுக்குத்தான் ஆபத்து வந்தது. ரயிலில் இரண்டு பேர் பெரிய சண்டையே போட்டார்கள். ஒருவர் லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்போல, "எல்லாரும்தான் செய்றாங்க" என்று ஆரம்பித்தார். பக்கத்துக் கிழவி விடவில்லை: "எல்லாரும் செய்யலாம். ஆனா எங்க ஊருக்கு வர்ற வழி இந்தம்மாவுக்கு மட்டும்தான் இவ்வளவு கசந்திருக்கு." வண்டி முழுக்கச் சிரிப்பு.

எனக்கும் வயிற்றெரிச்சல் அங்கேதான். அந்த அம்மா ரோட்டில் வந்திருந்தால் என்ன பார்த்திருப்பார் தெரியுமா? பழைய மெல்போர்ன் ரோட்டில் ஊருக்குள் நுழையும்போதே ஃபோர்டு தொழிற்சாலை. 1925-லிருந்து ஃபோர்டு இங்கே இருக்கிறது. அடுத்த வருஷம் அக்டோபரில் மூடப்போவதாக 2013-லேயே சொல்லிவிட்டார்கள். ஊரைத் தாண்டி கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்திலேயே இடது கைப் பக்கம் பாயிண்ட் ஹென்றி. 1963-லிருந்து ஓடிய அல்கோவா அலுமினிய உலை அங்கே இருந்தது. அது மூடியது அந்த அம்மா வந்ததற்கு மூன்றே மாதம் முன்னால். சுமார் 500 பேருக்கு வேலை போயிற்று. விருந்துக்குப் போகிற வழியில் கார் கண்ணாடி வழியாக இதையெல்லாம் ஒரு தடவை பார்த்திருக்கலாம். மேலே பறந்தால் வளைகுடா நீலமாகத் தெரியும், அவ்வளவுதான். 400 தடவை அடுத்தவனை 'ஒரு மணி நேரம் வெளியே இரு' என்று அனுப்பியவரால், எங்கள் ரோட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வர முடியவில்லை பார்.

நம் ஊரில் தலைவர் ஹெலிகாப்டரில் வந்தால் கட்சிக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள் என்று நான் சொல்லப்போக, ஆபீஸில் ஒருத்தரும் நம்பவில்லை. போன வருஷம் நம் ஊர்த் தேர்தலில் எடுத்த படத்தைத் தேடிக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது.

விஷயம் பத்திரிகையில் வந்த பிறகு நடந்ததுதான் கூத்து. பணத்தைத் திருப்பித் தருகிறேன், அபராதமாக 25 சதவீதமும் தருகிறேன் என்றார் இந்த அம்மா. ஆக மொத்தம் 6,500 சொச்சம். ஆனால் மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தருவதுதான் பெரிய மன்னிப்பு என்கிற மாதிரி பேட்டி. இங்கே அப்படி ஒரு வழக்கமே இருக்கிறது, மின்சின் நெறிமுறை என்று பெயர். தப்பான செலவு என்று தெரிந்தால் உறுப்பினர் பணத்தைக் கட்டிவிடலாம், பெரும்பாலும் விஷயம் அதோடு முடிந்துபோகும். நானும் நீயும் ஆபீஸ் கணக்கில் அப்படிச் செய்தால் முடியுமா?

இதற்குள் மற்றதும் கிளம்பியது. உலக நாடாளுமன்ற ஒன்றியத்தின் தலைவர் பதவிக்கு நிற்பதற்காகப் போன வருஷம் ஐரோப்பா போய்வந்த செலவு கிட்டத்தட்ட 90,000 டாலர். ஜெயித்தது வங்கதேச எம்.பி. ஒருவர்! போதாததற்கு 2006-ல் கட்சித் தோழி ஒருவர் கல்யாணத்துக்குப் போன செலவையும் அரசாங்கத் தலையில் கட்டியிருக்கிறார்.

நிதி அமைச்சர் ஜோ ஹாக்கியைக் கேட்டார்கள், முகர்ந்து பார்த்தால் இது நாறுகிறதா இல்லையா என்று. நாறுகிறது என்கிற பொருளில்தான் பதில் சொன்னார். 'சலுகைக் காலம் முடிந்துவிட்டது' என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்தவரே அவர்தான், வேறு என்ன சொல்வார்? பிரதமர் டோனி அபாட்டுக்குத்தான் தர்மசங்கடம். முன்னாள் பிரதமர் ஜான் ஹோவர்டுக்கும் இந்த அம்மாவுக்கும் பிறந்த கொள்கைப் பிள்ளை நான் என்று ஒரு காலத்தில் தானே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர். பெற்ற தாயை எப்படி வீட்டைவிட்டு அனுப்புவது? 'தற்காலிகக் கண்காணிப்பில் இருக்கிறார்' என்று சமாளித்தார்.

நடுவில் மால்கம் டர்ன்புல் ஒரு குசும்பு செய்தார். அவர் தகவல் தொடர்பு அமைச்சர், அதே கட்சி. ஜிலாங்கில் அவருக்கு ஒரு வேலை. மெல்போர்னில் டிராம் ஏறி, சதர்ன் கிராஸ் ஸ்டேஷன் வந்து, ரயிலில் இங்கே வந்தார். வழியெல்லாம் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினார். அந்தம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டுமா என்ன? பிரதமர் நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு ரயிலில் போகாமல் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேனே, அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியில் ஜூலை 30 அன்று சிட்னி ரேடியோவில் அந்த அம்மா மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் நாள் பதவி போயிற்று. அபாட், கோளாறு ஆளிடம் இல்லை, விதிமுறையில்தான் என்று சொல்லி ஒரு மறுஆய்வுக் குழு போட்டுவிட்டார். அதற்குள் லேபர் பக்கம் இந்தம்மாவை முன்னால் நின்று தாக்கிய டோனி பர்க், 2012-ல் குடும்பத்தை உலுரு பாறை பார்க்க பிசினஸ் கிளாஸில் அரசாங்கச் செலவில் கூட்டிப்போன கதை வந்தது. நேற்று புது சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் டோனி ஸ்மித். பிரதமர் டோனி, தாக்கினவர் டோனி, புதிதாக வந்தவரும் டோனி. எனக்கே தலை சுற்றுகிறது.

நிதி திரட்டினார்களே, அந்தத் தேர்தல் என்னவாயிற்று என்று கேட்கவில்லையே நீ? லிபரல் கட்சி மாநில ஆட்சியையே இழந்தது. பெல்லரின் தொகுதியும் லேபர் வசம்தான்.

சரி, டிசம்பரில் நீ வருவது உறுதிதானே? மெல்போர்ன் ஏர்போர்ட்டிலிருந்து எங்கள் ஊருக்கு நேர் பஸ் இருக்கிறது, நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். ஜன்னல் சீட்டு உனக்குத்தான். நார்த்தங்காய் ஊறுகாயும் உன் அம்மா போடும் வடகமும் கட்டாயம் எடுத்து வா. விமானத்தில் ஒரு ஃபாரம் தருவார்கள், சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். 'ஆம்' என்று போட்டுக் கையெழுத்துப் போடு. ஊறுகாயை 'அலுவல் சாமான்' என்று எழுதிவிடாதே.

உன்னைவிடப் பெரிய வாயாடி