லாச்சப்பலிலிருந்து ரீயூனியனுக்கு – 1: மலைத்தீவுக்குத் திட்டமிடல்

ரீயூனியன், இந்து சமுத்திரத்தில் மடகஸ்காருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் எரிமலைத் தீவு. பரப்பு 2,512 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 1946 மார்ச் 19 முதல் இது பிரான்சின் மாவட்டங்களில் ஒன்று. பாரிசிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் பதினொரு மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். அங்கும் யூரோதான், பிரெஞ்சுச் சட்டம்தான், மருத்துவருக்கு நீட்டுவதும் அதே பச்சை வித்தால் அட்டைதான். இறங்கும் விமான நிலையத்துக்கு ரோலன் காரோஸ் என்று பெயர். பாரிசின் ரென்னிஸ் மைதானத்துக்குப் பெயர் தந்த அந்த விமானி, 1888இல் இத்தீவின் தலைநகரான சன்-தெனியில் பிறந்தவர்.

கார் து நோர் நிலையத்தின் பின்புறம், ஃபோபூர் சன்-தெனி தெருவின் மேல்முனையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் பரந்து கிடக்கும் லாச்சப்பல், 1980களிலிருந்து ஈழத்தமிழரின் கடைத்தெரு. அங்குள்ள பயணமுகவர்களிடம் கொழும்புக்கும் சென்னைக்கும் ரிக்கெற் கேட்பவர்களே அதிகம். விடுமுறை என்றால் நம்மவருக்கு ஊர். இல்லாவிட்டால் தமிழகக் கோயில்கள். அதுவும் இல்லாவிட்டால் லண்டனிலோ ரொறொன்ரோவிலோ ஒரு கலியாணவீடு. அகதி அந்தஸ்தோடு வாழ்பவரின் பயணப்பத்திரம் அவர் விட்டுவந்த நாட்டுக்குச் செல்லாது. தென்னையும் மாமரமும் முருங்கையும் நிற்கும் ஒரு மண்ணை மீண்டும் மிதிக்க ஆசைப்படும் இவர்களுக்கு, பிரெஞ்சு மண்ணிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பது பெரிய செய்தி. அங்கே தமிழ்க் கோயில்களும் இருக்கின்றன. ஆனாலும் லாச்சப்பலில் ரீயூனியன் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இத்தொடர் எழுதப்படுவதற்கு அதுவே காரணம். இந்த முதற்பகுதி திட்டமிடலைப் பற்றியது மட்டுமே.

முதலில் பத்திரங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவருக்கு அடையாள அட்டை போதும். பிரான்சின் பெருநிலத்தில் வழங்கப்பட்ட செல்லுபடியாகும் வதிவிட அட்டை உள்ளவர் தனி விசா எடுக்கத் தேவையில்லை. ஆயினும் ரீயூனியன் ஷெங்கன் வலயத்துக்குள் அடங்காது. ஆகவே ஜேர்மனியிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்து சேர்ந்துகொள்ளும் உறவினர், தங்கள் நாட்டு வதிவிட அட்டையை மட்டும் நம்பாமல் பிரெஞ்சுத் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். மொரீசியஸ் வழியாகப் போகும் விமானம் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது வேறொரு நாடு, அதன் விதிகள் வேறு. அகதிப் பயணப்பத்திரம் வைத்திருப்பவர் நேரடி விமானத்தையே எடுப்பது நல்லது.

போகும் மாதத்தைத் தெரிவு செய்வதில்தான் பலர் தடுமாறுவார்கள். தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தலைகீழ். மே முதல் நவம்பர் வரை குளிர்ந்த, உலர்ந்த காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும். சூறாவளிகள் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். 2024 ஜனவரியில் பெலாலும் 2025 பெப்ரவரி இறுதியில் கரான்சும் தீவை நேராகத் தாக்கின. இங்கே மழை என்பது பாரிஸ்காரர் அறிந்த மழையல்ல. 1966 ஜனவரியில் ஃபொக்-ஃபொக் என்ற மேட்டுநிலத்தில் 24 மணித்தியாலத்தில் 1,825 மில்லிமீற்றர் கொட்டியது. உலகச் சாதனையாகப் பதிவான இந்த அளவு, பாரிசில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் பெய்யும் மழை. அத்தகைய நாளில் மலைப்பாதையே ஆறாகிவிடும். நத்தார் விடுமுறையில் மலை ஏறலாம் என்று திட்டமிடுவது வீண். யூலை, ஓகஸ்ட் வானிலைக்கு உகந்தவை. ஆனால் பெருநிலத்தில் வேலை செய்யும் ரீயூனியன்காரர் ஊருக்குத் திரும்பும் காலமும் அதுவாகையால் கட்டணம் ஏறும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குடும்பத்துக்கு ஒக்ரோபர் கடைசியில் வரும் தூசான் விடுமுறையே சிறந்தது. மழை இன்னும் தொடங்கியிராது, மலைக்குளிரும் தணிந்திருக்கும்.

நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பயணத் திட்டம் தானாக உருவாகும். இத்தீவு இரண்டு எரிமலைகளால் ஆனது. வடமேற்கில் உறங்கிப்போன பித்தோன் தெ நேஜ், 3,070 மீற்றர், இந்து சமுத்திரத் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். தென்கிழக்கில் இன்றும் எரியும் பித்தோன் த லா ஃபூர்நேஸ், 2,632 மீற்றர். பழைய மலையைச் சுற்றி, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே மூன்று பெரும் பள்ளத்தாக்குகள்: சிலாவோஸ், சலாசி, மஃபாத். 2007இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இம்மலைநிலம் தீவின் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். 2010இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கார் பாதை கிடையாது. கடற்கரைக்கு இறங்கி, சுற்றி, மீண்டும் ஏற வேண்டும். வரைபடத்தில் விரற்கடை அளவாகத் தெரியும் தூரம் அரை நாளை விழுங்கும். சிலாவோசுக்கு ஏறும் பாதையை நானூறு வளைவுப் பாதை என்றே அங்கு சொல்கிறார்கள். எனவே ஒரே விடுதியில் தங்கி நாளுக்கொரு பக்கம் போய்வரும் வழக்கம் இங்கே சரிவராது. கிழக்கு, எரிமலை, சிலாவோஸ், மேற்கு என்று தீவைச் சுற்றியபடி இடம் மாறித் தங்குவதே முறை. அதற்குப் பத்து நாளாவது வேண்டும். இரண்டு கிழமை என்றால் மழைக்கு ஒரு நாளைப் பலிகொடுத்தாலும் கவலையில்லை.

எரிமலையை முதலில் வைப்பது நல்லது. உலகில் அதிகம் வெடிக்கும் எரிமலைகளில் ஒன்றாக இருந்தும், குழம்பு பெரும்பாலும் நீராக ஓடி ஆளற்ற கிழக்குச் சரிவில் இறங்குவதால் மக்கள் அதனோடு வாழப் பழகிவிட்டார்கள். 1977இல் குழம்பு சன்-ரோஸ் பக்கத்து ஊருக்குள் புகுந்து தேவாலய வாசலை அடைந்து, கட்டடத்தை இருபுறமும் சூழ்ந்து ஓடியது. அந்தத் தேவாலயம் இன்றும் பாவனையில் இருக்கிறது. 2007 ஏப்ரலில் உச்சிக் குழியான தொலொமியுவின் தரை முந்நூறு மீற்றருக்கும் அதிகமாக உள்ளே இடிந்து விழுந்தது. அதே வெடிப்பின் குழம்பு நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் கலந்தது. பா த பெல்கோம்ப் என்ற விளிம்பில் காரை விட்டு, படிகளால் எரிமலைக் கிண்ணத்துக்குள் இறங்கி, உறைந்த குழம்பின் மேல் வெள்ளைக் குறிகளைப் பின்பற்றி நடந்து, உச்சிக்குழி பார்த்துத் திரும்ப ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. முற்பகலிலேயே முகில் ஏறி வழியை மூடிவிடும். ஆகவே இருட்டோடு புறப்பட வேண்டும். வெடிப்பு நெருங்கும் அறிகுறி தெரிந்தால் மாவட்ட ஆளுநர் உட்பகுதியை மூடிவிடுவார். அப்படி மூடினால் ஏமாற வேண்டியதில்லை; இரவில் விளிம்பிலிருந்து தெரியும் நெருப்பாறு அதைவிடப் பெரிய காட்சி. தீவின் மற்ற மலைப்பாதைகள் திறந்திருக்கின்றனவா என்பதைத் தேசிய வனத்துறையின் அறிவிப்பில் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். சூறாவளிக்குப் பிறகு சில பாதைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

பித்தோன் தெ நேஜ் ஏறுவதற்குச் சிலாவோஸ் பக்கமே பலர் தெரிவு செய்யும் வழி. ஏறத்தாழ 2,480 மீற்றர் உயரத்தில் உள்ள காவேர்ன் துஃபூர் குடில் வரை ஒரு நாள். மறுநாள் விடியுமுன் நெற்றிவிளக்கோடு உச்சிக்கு. இரவில் அங்கே வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும். வெப்பநாட்டுத் தீவுக்குத்தானே போகிறோம் என்று குளிருடுப்பை வீட்டில் விட்டுப்போவது பெரும் தவறு. குடில்களில் படுக்கைகள் குறைவு என்பதால் அவை பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். முதலில் குடிலில் இடம் உறுதியாகட்டும், பிறகு விமானச்சீட்டு வாங்கலாம். பயணமுகவர் இதை எதிர்மாறாகவே சொல்வார். அதைக் கேட்க வேண்டாம்.

மஃபாத்துக்குக் காரே போகாது. நடந்தோ ஹெலிகொப்டரிலோதான் உள்ளே செல்ல முடியும். அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. அவர்களுடைய தலைவன் ஒருவனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இன்று லா நுவெல், மார்லா, ஓரேர் போன்ற சிற்றூர்களில் சில நூறு பேர் வாழ்கிறார்கள். சலாசி பக்கமுள்ள கோல் தே பெஃப் கணவாயிலிருந்து லா நுவெலுக்கு இரண்டு மணித்தியால நடை. பத்து வயதுப் பிள்ளையும் நடக்கலாம். சிலாவோசிலிருந்து தாயிபித் கணவாய் ஏறி மார்லாவுக்கு இறங்குவது கடினமானது, அழகும் கூடியது. ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்கினால் கார் மலைக்கு அந்தப்புறம் நின்றுவிடும் என்பதை முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று நாள் ஒதுக்கக்கூடியவர் இங்கே ஒதுக்கட்டும். தீவில் இதற்கு இணையான இடம் வேறில்லை.

பாரிசில் இருந்தபடியே கால்களைப் பழக்கலாம். லாச்சப்பலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மொன்மார்த்ரின் ஃபொயாத்தியே படிகள் இருக்கின்றன, 222 படிகள். முதுகில் ஏழெட்டுக் கிலோவோடு கிழமைக்கு மூன்று தரம் ஏறி இறங்கினால் இரண்டு மாதத்தில் வேறுபாடு தெரியும். உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று பழகிய கால்களுக்கும் இறக்கம் புதிது. முழங்காலைச் சோதிப்பது ஏற்றமல்ல, இறக்கமே. புதுச் சப்பாத்தையும் இங்கேயே போட்டுப் பழக்கிவிட வேண்டும். ஒவ்வோர் ஒக்ரோபரிலும் நடக்கும் கிரான் ரெய்ட் ஓட்டம் தீவைக் குறுக்கே 160 கிலோமீற்றருக்கும் மேல் கடக்கிறது. அந்தக் கிழமையில் குடில்களில் இடம் தேடுவது கடினம்.

நீரிலும் வானிலும் விளையாட்டுகள் உண்டு. சிலாவோசின் ஃப்ளேர் ஜோன் பள்ளத்தில் கயிறு பிடித்து அருவியோடு இறங்கலாம். சன்-பெனுவாவில் மார்சுவேன் ஆற்றில் காற்றுப் படகு ஓட்டலாம். சன்-லேயில் 800 மீற்றர் உயரத்திலிருந்து பயிற்றுநரோடு பராப்பாந்தில் பறந்து கடலோரத்தில் இறங்கலாம். இவற்றையெல்லாம் அரச சான்றிதழ் பெற்ற வழிகாட்டியோடுதான் செய்ய வேண்டும். முதல்நாள் மேல்மலையில் மழை பெய்திருந்தால் அருவிக்குள் இறங்கவே கூடாது.

கடல் விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. 2011 முதல் சுறாத் தாக்குதல்கள் தொடர்ந்து உயிர்களைப் பறித்ததால், 2013 யூலையில் ஆளுநரின் ஆணை ஒன்று பவளப்பாறைக்குள் அடங்கிய நீரையும் கண்காணிக்கப்பட்ட இடங்களையும் தவிர மற்றக் கடலில் குளிப்பதைத் தடை செய்தது. லேர்மித்தாஜ், லா சலின் கரைகளின் ஆழமற்ற நீரில் பிள்ளைகள் ஆனந்தமாகக் குளிக்கலாம். அறிவிப்புப் பலகை உள்ள கரையில் கால் நனைப்பதோடு நிறுத்த வேண்டும். மலேரியா இல்லை, நுளம்பு உண்டு. 2005–06இல் சிக்குன்குனியா தீவின் மூன்றில் ஒரு பங்கினரைப் பிடித்தது. நுளம்புத் தைலம் கட்டாயம்.

உணவுக்கு நம்மவர் கஷ்டப்படமாட்டார்கள். குடிலில் இரவுச் சாப்பாடு சோறு, அவரையோ பருப்போ, கறி, தக்காளி ருகாய். சிலாவோசின் பருப்பு பெயர்பெற்றது. முருங்கையிலையைச் சுண்டி வைப்பார்கள். மரக்கறிக்காரர் முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் போதும்.

கோயில்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, வழியிலேயே வரும். 1828இல் தொடங்கி, 1848 டிசம்பர் 20இல் அடிமைமுறை ஒழிந்தபின் பெருகி, 1882இல் பிரித்தானிய இந்திய அரசு நிறுத்தும்வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் தமிழர். அவர்களின் வழிவந்தவர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். ஆனால் தைப்பூசக் காவடியும், பாண்டியாலே என்று அவர்கள் வணங்கும் திரௌபதைக்குத் தீமிதிப்பும் விடாமல் நடக்கின்றன. கிழக்கில் சன்-அந்த்ரேயின் கொலோஸ் கோயில் எரிமலைக்குப் போகும் நாளிலேயே பார்க்கத்தக்கது. தோற்பொருள்களை வெளியே விட வேண்டும். கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது.

கடைசி நாளுக்குச் சன்-தெனியிலிருந்து லா பொசெசியோன் நோக்கிச் செல்லும் ஆங்கிலேயர் பாதை. கருங்கல் பாவிய அப்பழைய வழி 1810இல் தீவைக் கைப்பற்றிய பிரித்தானியப் படையின் பெயரைத் தாங்குகிறது. அந்தப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். பாதையின் நடுவில் கிராந் ஷலூப் என்ற கடலோரப் பள்ளத்தில், கப்பலால் இறங்கிய கூலிகளைத் தொற்றுநோய் அச்சத்தால் அடைத்துவைத்த லசாரே கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்று புதுப்பிக்கப்பட்டுக் காட்சியகமாக இருக்கிறது. நாடு விட்டு வந்து, முகாம்களில் தங்கி, பத்திரத்துக்காகக் காத்திருந்து லாச்சப்பலுக்கு வந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளோடு பார்க்க வேண்டிய இடம் இது. அரை நாள் நடை. விமான நிலையமும் தொலைவில் இல்லை. நாள் போதாமல் திட்டத்தில் எதை வெட்ட நேர்ந்தாலும், இந்த நடையை வெட்ட வேண்டாம்.