நீல மையில் மூன்று வரி

மார்ச் கடைசி வாரம் வரை நாங்கள் பெண் வீட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல் வருமா வராதா என்று மகள் லேப்டாப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் பிறந்ததும் ஆட்டம் மாறிவிட்டது. இடம் கொடுத்த கல்லூரிகள் எங்கள் நியூஜெர்சி வீட்டு வாசலில் தாம்பாளத்தோடு வந்து நிற்காத குறை. தினமும் மின்னஞ்சல். கல்லூரிப் பெயர் போட்ட காலுறை. இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பையன் ஃபோன் செய்து, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கால் மணி நேரம் பேசினான். சிகாகோ பல்கலைக்கழகம் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஸ்கார்ஃப் அனுப்பும் என்றும், எம்.ஐ.டி. அனுமதிக் கடிதத்தை அட்டைக் குழலுக்குள் வைத்து அனுப்பியதுண்டு என்றும் நண்பர்கள் வீட்டில் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இந்த உபசாரத்துக்கெல்லாம் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிள்ளை பத்துப் பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கிறது. மே 1-க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டி உறுதிசெய்ய வேண்டும். அனுமதித்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்கிறார்கள் என்பதற்கு இங்கே யீல்ட் என்று பெயர். நான் தஞ்சாவூர்க்காரன், எனக்கு அது மாவுக்கு எத்தனை மூட்டை என்ற கணக்குதான். ஹார்வர்டுக்கு நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வந்துவிடுவார்கள். நல்ல பெயருள்ள சின்னக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பாதிகூடத் தேறாது. குறைந்தால் கட்டணம் போச்சு, கூடினால் விடுதியில் கட்டில் இல்லை. ஆகவே ஏப்ரல் முழுக்கச் சீராட்டல். முன்பெல்லாம் மே 1-க்குப் பிறகு, வேறு இடத்தில் உறுதிசெய்துவிட்ட பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஒழுக்க விதி இருந்தது. அது போட்டியைக் கெடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறை மூக்கை நுழைத்ததால், 2019-இல் சேர்க்கை அதிகாரிகளின் சங்கம் அதையும் எடுத்துவிட்டது.

நான் 1998-இல் கிண்டியில் கவுன்சலிங்குக்குப் போனவன். ரேங்க் எண்ணைக் கூப்பிட்டார்கள். அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சில நிமிடங்களில் ஒரு கல்லூரி, ஒரு பாடம், ஒரு தாள். எந்தக் கல்லூரிக்கும் நான் யாரென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதனாலோ என்னவோ, மகளுக்கு வந்த உறைகளையெல்லாம் கேலியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். “உன் பேர் இருக்கற இடத்துல கம்ப்யூட்டர் பேரை மாத்திப் போடும்மா, அவ்வளவுதான்.”

ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் ஒரு சிறிய உறை வந்தது. உதவித்தொகைக் கடிதமாக இருக்கும் என்று பிரித்துவிட்டேன். அவள் பெயருக்கு வந்ததைப் பிரித்தது தப்புதான். உள்ளே ஓர் அட்டை, நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் மூன்று வரி. அப்பா தலை நிமிரும்போதெல்லாம் நீ புத்தக அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாய் என்று எழுதிய பத்தியை மறக்க முடியவில்லை. உன் விண்ணப்பத்தை முதலில் படித்தவள் நான்தான். உன்னை இங்கே பார்க்க ஆசைப்படுகிறேன்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கராஜில் நின்றேன்.

2023 கோடையில் எனக்கு வேலை போனது. மனைவிக்கு மட்டும் சொன்னேன். நான்கு மாதம் காலை எட்டரைக்குச் சட்டையை இன் செய்து, லேப்டாப் பையோடு கிளம்பி, பக்கத்து ஊர் நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் அனுப்பினேன். மகள் எங்கள் ஊர் நூலகத்தில் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்ததால்தான் பக்கத்து ஊர். கோடை வாசிப்பு நிகழ்ச்சிக்கு ஆள் போதாமல் வியாழக்கிழமைகளில் அவளை அங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கல்லூரிக் கட்டுரையை நாங்கள் படிக்கக் கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். 650 வார்த்தைதான் அனுமதி. ஏதோ ரோபாட்டிக்ஸ் பற்றி எழுதியிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி அட்டையை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

“பிரிச்சிட்டீங்களா?”

“ஃபைனான்ஷியல் எய்டுன்னு நெனச்சேன். எத்தனை நாள் பாத்த?”

“ஆறு வாரம் இருக்கும்.”

“கேட்டிருக்கலாமேம்மா.”

“நீங்க சொல்லலையேப்பா.” கொஞ்ச நேரம் கழித்து, “ஜன்னலோரம் இருக்கற சேர்லதான் எப்பவும் உக்காருவீங்க. வியாழக்கிழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் அதுமேல ரெண்டு புக் வச்சிடுவேன். அப்பறம் நீங்க பார்க்கிங்ல வர்றப்போ எடுத்துடுவேன்.”

அந்த நாற்காலி எப்போதும் காலியாக இருப்பது நம் அதிர்ஷ்டம் என்று அப்போது மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் பிடிபடவில்லை. அந்த அம்மாள் மார்ச் மாதம் இப்படி எத்தனை அட்டை எழுதியிருப்பார்? யீல்ட் கூட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லித்தான் எழுதியிருப்பார். அது வியாபாரம். ஆனால் நான் படிக்காததை அவர் படித்திருக்கிறார், ஆயிரம் விண்ணப்பங்களுக்கு நடுவில். இரண்டும் நிஜம். அதில் எனக்கு வந்தது கோபமா பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான்.

உதவித்தொகைக் கடிதம் நான்கு நாள் கழித்து வந்தது. வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் டாலருக்கு மேல் செலவு. அவர்கள் கழித்துக்கொடுத்தது அதில் ஒரு துண்டு. தொலைபேசியில் மேல்முறையீடு செய்தேன். உள்ளூர்க்காரர்களுக்குச் செலவு அதில் பாதிக்கும் குறைவான மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து, தடுப்பூசிச் சான்றிதழை எந்தத் தேதிக்குள் ஏற்ற வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. கையெழுத்தும் இல்லை, காலுறையும் இல்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது: வருந்துகிறோம்.

ஏப்ரல் 29 அன்று மகள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டினாள். மற்ற கல்லூரிகளின் வலைப்பக்கத்தில் ‘வேண்டாம்’ பொத்தானை மடமடவென்று அழுத்தினாள். அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் பொத்தான் போதாது என்று சொல்லி, அம்மாவிடம் நல்ல பேனா கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

“ஸ்டாம்ப் இருக்காப்பா?” என்றாள். எழுந்து போய் எடுத்து வந்தேன். அதற்குள் உறையை ஒட்டிவிட்டிருந்தாள்.