கொழும்பு முதல் பதுளை வரை: உருகிய பாறையும் உருகாத பாறையும்

கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளும் மலையக ரயில் பாதை முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் போடப்பட்டது என்பது பலரும் அறிந்ததே. எனினும், தண்டவாளம் இடுவதற்காக வெட்டப்பட்ட மலைச்சரிவுகளும் குடையப்பட்ட சுரங்கங்களும், செடியும் மண்ணும் மூடியிருந்த அடித்தளப் பாறையைப் பல இடங்களில் வெளிக்காட்டி நிற்கின்றன என்பதைப் பயணிகளுள் கவனிப்பவர் சிலரே.

மேற்குத் தாழ்நிலத்தில் பாறையைக் காண்பது அரிது. மழையும் வெப்பமும் அதைச் செம்பூரான்கல்லாக அரித்துவிட்டன. ரம்புக்கனையைக் கடந்து பாதை ஏறத் தொடங்கிய பின், 1867இல் கண்டியை எட்டிய பகுதியில், நிலவியலாளர் கடுகண்ணாவைத் தொகுதி என்றழைக்கும் வரியோடிய கருநிறப் பாறைகள் தோன்றுகின்றன. இவற்றுட் பல ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக, அதாவது மாக்மாவாக, இருந்தவை. பூமியின் உட்பகுதி முழுவதும் குழம்பே என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது தவறு. புவியோட்டுக்குக் கீழுள்ள மென்மூடி பெரும்பாலும் திண்மமே; வெப்பம் ஏறினாலோ, மேலிருந்து அழுத்தம் தளர்ந்தாலோ, நீர் சேர்ந்து உருகுநிலை தாழ்ந்தாலோ மட்டுமே அதில் ஒரு பங்கு உருகுகிறது. அவ்வாறு எழும் குழம்பு தரைக்கு மேல் வந்து விரைவில் ஆறினால், கண்ணுக்குப் புலப்படாத நுண்மணிகளாலான பசால்ட் ஆகிறது. அதே குழம்பு ஆழத்திலேயே தங்கி மெல்ல ஆறினால், பளிங்குகள் பெருக்க அவகாசம் கிடைத்துக் கப்ரோ எனும் பருமணிப் பாறையாகிறது. சிலிக்கா மிகுந்த குழம்பாயின், மேலே ரயோலைட்டும் கீழே கிரனைட்டும் விளைகின்றன.

1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் ஹட்டனையும் அடைந்த பாதை, அதன்பின் சிங்கமலைச் சுரங்கத்தினூடே கொட்டகலைக்குள் நுழைந்து தலவாக்கலைக்கு இறங்குகிறது. மலை என்றதும் எரிமலையை நினைப்பவர்க்கு இங்கு ஏமாற்றமே. கொத்மலை ஓயா சென்கிளேயர் அருவியாக விழும் இந்நிலத்தின் அடியில் இருப்பது எரிமலைக் கல் அன்று, ஆழத்தில் வெந்து உருமாறிய உயர்நிலத் தொகுதி. அதன் முக்கியப் பாறைகளுள் ஒன்றான சார்னோக்கைட், குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் பைராக்சீன் கனிமமும் சேர்ந்த, பசுமை கலந்த கரும்பாறை. கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இப்பெயரை வழங்கினார். சென்னைக்கருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது அதே வகைப் பாறைதான்.

ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா எனும் பெருங்கண்டம் ஒன்றிணைந்த மோதலில் மலையகத்தின் இப்பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குத் தள்ளப்பட்டு 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கின. நீர் போதிய அளவில் இருந்தால் கிரனைட் 700 பாகைக்குக் குறைவிலேயே உருகத் தொடங்கும் என்பதால், இம்மலைநாடு முழுவதும் ஏன் குழம்பாகிவிடவில்லை என்ற கேள்வி எழுகிறது. விடை நீரில்தான் இருக்கிறது. மைக்கா போன்ற கனிமங்கள் சிதைந்தபோது வெளிப்பட்ட சிறிதளவு நீரை முதலில் உருகிய குழம்பே எடுத்துக்கொண்டு விலகிச் செல்ல, எஞ்சிய பாறை வறண்டு, மேலும் வெப்பம் ஏறினாலன்றி உருகாத நிலையை அடைந்தது. பாறை வெட்டுகளில் கருநிறத்தினூடே நெளியும் வெண்ணிறப் பட்டைகளுட் பல அந்த முதற்குழம்பு ஆறியதன் அடையாளங்களே. அக்குழம்பின் நீர் செறிந்த இறுதி எச்சம் ஆறுமிடத்தில் பெக்மடைட் எனும் பாறை உருவாகி, விரலளவிலும் அதனினும் பெரிதாகவும் பளிங்குகள் வளர்கின்றன. இம்மலைப் பாறைகளின் கடினத்தை முதலில் அறிந்தவர்கள் நிலவியலாளர் அல்லர். உளியும் சம்மட்டியும் கொண்டு இப்பாதைக்கு வழி வெட்டிய தென்னிந்தியத் தொழிலாளர்களே.

நானுஓயாவைக் கடந்து, பட்டிப்பொலவுக்கு அருகில் 1,890 மீற்றரளவில் உச்சியைத் தொட்டு, அப்புத்தளை, பண்டாரவளை வழியாக இறங்கும் பாதை 1924இல்தான் பதுளையை எட்டியது. இப்பக்கம் மணற்கல் உருமாறிய குவார்ட்சைட்டும் சுண்ணக்கல் உருமாறிய பளிங்குப்பாறையும் மிகுதி. குழம்பிலிருந்து அன்றிப் பழங்கடலின் அடையல்களிலிருந்து பிறந்தவை இவை. குழம்பு ஆறிப் பிறந்து பின்னர் உருமாறாத தீப்பாறையைத் தேடுபவர் தண்டவாளம் முடிந்த பின்னும் கிழக்கே இறங்க வேண்டும். அங்கே, விஜயன் தொகுதியின் பழைய பாறைகளைப் பிளந்துகொண்டு, பசால்ட்டுக்கும் கப்ரோவுக்கும் இடைப்பட்ட மணிகளையுடைய டோலரைட், செங்குத்துச் சுவர்களாக ஆறி நிற்கிறது.