நாகத்தின் மூச்சு

ஒன்றைப் பார்த்து அதுபோல் மற்றொன்றைச் செய்தலைப் போலி என்று இகழ்தல் உலக வழக்கு. ஆயினும், எதனைப் பின்பற்றுவது, எதனை விடுவது என்று தெரிந்து செய்யும் போலி இகழத்தக்கதன்று. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம். இங்கிலாந்தில் நண்பர் ஒருவரின் கராச்சில், ஒரு மோட்டார் வண்டியின் புகைக்குழாயைத் திருத்தியபோது கண்டோம்.

அவ்வண்டி 'கோப்ரா' என்னும் பந்தய வண்டியின் மாதிரியிற் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் ஏ. சி. நிறுவனத்தாரின் இலேசான வண்டியில், அமெரிக்கரான கரோல் ஷெல்பி 1962இல் போட் நிறுவனத்தின் எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தினார். 1967 வரை செய்யப்பட்டவை ஏறத்தாழ 1000 மாத்திரமே. ஆதலால் அசலை வாங்க வல்லார் சிலர்; கண்ணாடி நார் உடலில் அதனைப் போலச் செய்து மகிழ்வார் பலர்.

கோப்ராவின் பந்தய வகையிற் புகைக்குழாய் வண்டியின் அடியிற் பின்னோக்கி ஓடுவதில்லை. ஒரு பக்கத்து நான்கு உருளைகளின் புகை நான்கு குழாய்களால் வெளிவந்து, ஒரு பருங்குழாயிற் கூடி, கதவின் கீழாகச் சென்று, பின்சில்லின் முன்னே வெளியேறும். மறுபக்கத்தும் அவ்வாறே. வழியும் குறுகியது, பாரமும் குறைவு. அதன் உறுமலுக்கும் காரணம் உண்டு. எட்டு உருளைகளும் சேர்ந்து 90 பாகைக்கு ஒருமுறை ஒழுங்காக வெடிப்பினும், ஒரு பக்கத்து நான்கை மட்டும் நோக்கின் இடைவெளி 90, 180, 270 பாகை என மாறும். இரு பக்கக் குழாய்களும் எங்கும் கூடாமையால் அவ்வொழுங்கின்மை அப்படியே காதில் விழும்.

நண்பர், அசலில் உள்ளவாறே எல்லாம் அமைய வேண்டும் என்றார். இடர் இரண்டு இருந்தன. ஒன்று ஓசை. தாமே கட்டிய வண்டியை வீதியில் ஓட்டுதற்கு அந்நாட்டிற் சோதனை உண்டு; குழாய் வாயிலிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் ஓசை 99 டெசிபெலைத் தாண்டலாகாது. மற்றது வெப்பம். கதவின் கீழே கனலும் குழாயைக் கடந்தே ஏறவும் இறங்கவும் வேண்டும். அதிற் கால் பட்டுச் சுடுதலைக் கோப்ராக்காரர் 'பாம்புக் கடி' என்பர். வண்டியில் ஏற நாள்தோறும் காத்து நின்றவளோ நண்பரின் ஏழு வயது மகள்.

"அசலிற் கவசம் இல்லையே" என்றார் நண்பர்.

"அசலிற் குழந்தையும் இல்லையே" என்றோம் யாம்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்பு தாமே அளவுகோலை எடுத்தார்.

குழாயின் நீளத்தை யாம் மாற்றவில்லை. நீளம் மாறச் சுரம் மாறும் என்பதை, இசைக்கவையைக் குழாயின் வாயிற் பிடித்துப் பரிவு கண்ட நம் பௌதிக மாணவர்க்கு விளக்க வேண்டா. உள்ளே உள்ள துளையிட்ட குழாயைச் சற்று ஒடுக்கமாக்கி, அதன்மேல் உருக்கு நாரும், அதற்குமேற் கண்ணாடி நாரும் இறுகச் சுற்றினோம். கண்ணாடி நாரை மாத்திரம் சுற்றின் புகையின் வேகம் அதனை விரைவில் ஊதித் தள்ளிவிடும். வெளியே, துளையிட்ட கறையில் உருக்குத் தகட்டைக் காற்று ஊடாட இடைவெளி விட்டுக் கவசமாக அமைத்தோம். ஒரு மீற்றர் நீளமுள்ள அவ்வுருக்கு, 300 பாகை வெப்பம் ஏற ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். இயந்திரமும் தன் தாங்கிகளில் அசையும். ஆதலால் ஆணித்துளைகளை நீட்டி, குழாயை றப்பரில் தொங்கவிட்டோம். அசையாது பூட்டினால் வண்டியின் உடல் வெடிக்கும்.

வண்டி சோதனையில் தேறிற்று. உறுமல் தணிந்ததேயன்றி மாறவில்லை. கவசம் இருந்தும், குழாயை மிதியாது தாண்டி ஏறும் முறையைத் தந்தை மகளுக்குப் பழக்கினார்.

ஷெல்பி பந்தயத்தில் வெல்லுதற்குச் செய்தார். நண்பர் மகளை ஏற்றிச் செல்லுதற்குச் செய்தார். நோக்கம் வேறாயின் குழாயும் வேறாதல் முறையே. விழா எடுத்துப் பழமையைப் போற்றும் நம் கல்லூரியின் இளைஞர், முன்னோர் விட்டுச் சென்றவற்றைக் கையேற்கும்போது இதனையும் எண்ணுவாராக.