உதைப்பலகை

போன வாரம் ரிச்மண்ட் போயிருந்தேன். லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் இல்லை. வடக்கு யார்க்‌ஷயரில் இருக்கும் சின்ன ஊர். அங்கே ஜார்ஜியன் தியேட்டர் ராயல் என்று ஒரு நாடகக் கொட்டகை. 1788-இல் சாமுவேல் பட்லர் என்ற நடிகர் கட்டியது. வெளியே நின்று பார்த்தால் தானியக் கிடங்கு போலத்தான் இருக்கிறது. உள்ளே போனால் மேடையைச் சுற்றி மரத் தடுப்புகள், மொத்தமே 154 இருக்கைகள். நடிகர் பெருமூச்சு விட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

எனக்குப் பிடித்தது மாடிதான். மலிவு டிக்கெட்காரர்களின் காலடியில் ஒரு பலகை. நாடகம் பிடித்தாலும் உதைக்கலாம், பிடிக்காவிட்டாலும் உதைக்கலாம். நம்மூர் விசிலுக்கு அண்ணன்! கொட்டகையை 1848-இல் மூடிவிட்டார்கள். ஏலக்கூடமாகக்கூடக் கிடந்து, 1963-இல்தான் மறுபடி நாடகம். யாரும் இடித்துக் கட்டாமல் மறந்துபோனதே இதைக் காப்பாற்றியிருக்கிறது.

ராத்திரி ஒரு பப். மேடை, மைக், டிக்கெட் எதுவும் இல்லை. மூலை மேஜையில் இரண்டு ஃபிடில், ஒரு கான்செர்ட்டினா. ஒருவர் தொடங்குகிறார், மெட்டுத் தெரிந்தவர் சேர்ந்துகொள்கிறார், தெரியாதவர் பீரைக் குடிக்கிறார். ஜிக் என்ற நடன மெட்டை வாசித்தபோது என் விரல் தானாகத் திஸ்ர நடை போட்டது. எதிரே இருந்த பெரியவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெருமையாக இருந்தது.

அடுத்த மெட்டு வேறு நடை. நானும் கிளாஸை எடுத்துக்கொண்டேன்.