ஸ்கெலட்டன் வீட்டின் ஆறு பக்கங்கள்

ஸ்கெலட்டன் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் இங்கே மெல்போர்னில் தமிழர்களே இன்னொரு முறை கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கோலார் தங்கவயலில் ஒரு பகுதி :-) சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். நாங்கள் பிழைப்பு தேடி ஆளுக்கொரு பக்கம் கிளம்பினோம். அம்மா மட்டும் கிளம்பவில்லை. அதே லைன் வீடு, அதே தகரக் கூரை.

இந்தப் பதிவு அந்தக் கூரையைப் பற்றியது. நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரமும் வரும். நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவன். அதனால் எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன், தைரியமாகப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். ஒரு ஏப்ரல் மதியம் அம்மா வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததால் பிழைத்தார். பெங்களூரிலிருந்து ஓடி வந்த தம்பி அன்றே முடிவு செய்துவிட்டான். "அண்ணா, ஏசி போட்டுடலாம். பாதி நீ, பாதி நான்." ஏற்கனவே அவன் வாங்கிப் போட்ட கட்டிலில் அம்மா படுப்பதில்லை என்ற கோபம் வேறு. பகலெல்லாம் வெறும் தரையில்தான் படுப்பார். "வயசான காலத்துல தரையில கிடந்தா ஊர் என்னண்ணா சொல்லும்?"

அம்மாவிடம் கேட்டேன். "காத்து ஒண்ணும் சுடல கண்ணு. மேல தகரம்தான் சுடுது. அதுக்கு எதுக்கு ஏசி?" என்றார். அடம் என்றுதான் தம்பி சொன்னான்.

என் மகள் இங்கே கட்டடக்கலை படிக்கிறாள். பாட்டி சொன்னதைக் கேட்டதும், "பார்த்துடலாம்பா" என்று லேப்டாப்பைத் திறந்தாள். எனர்ஜிபிளஸ் என்று ஒரு மென்பொருள். அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை இலவசமாகத் தருவது. முதல் பதிப்பு வந்தது 2001 ஏப்ரலில், நம்ம சுரங்கம் மூடி இரண்டே மாதத்தில்!

ஒரு அறையை அது 'ஸோன்' என்கிறது. நாலு சுவர், தரை, கூரை என ஆறு பரப்புகள். ஒவ்வொன்றும் எதனால் ஆனது, எவ்வளவு கனம் என்று சொல்ல வேண்டும். லைன் வீடு என்பதால் இரு பக்கச் சுவருக்கு அப்பாலும் இதே மாதிரி வீடுகள். அந்தச் சுவர்கள் வழியே சூடு போக்குவரத்து இல்லை என்று வைத்துக்கொண்டாள். பெங்களூர் வானிலைக் கோப்பைக் கொடுத்தால், வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

முதலில் அறைக் காற்றின் சராசரி வெப்பநிலையைக் காட்டினாள். வெயில் காலம்தான், ஆனால் மயங்கி விழுகிற அளவுக்குத் தெரியவில்லை. "இரு, பரப்பு பரப்பா பார்க்கலாம்" என்றாள். அதில் ஒரு விசேஷம்: எந்த விவரம் வேண்டும் என்று நாம் கேட்டு வைத்தால்தான் அது எழுதித் தரும். கேட்காவிட்டால் பரப்புகளின் கணக்கு வெளியே வராது. எங்கள் பேங்கு வேலையும் இதுதானே! கிளையின் மொத்த வாராக்கடன் ஒரே எண்ணாக வரும். யார் கட்டவில்லை என்று தெரிய லெட்ஜரைப் புரட்ட வேண்டும்.

கேட்டதும் ஆறு கோடுகள் வந்தன. கூரையின் உட்பக்கக் கோடு மட்டும் தனியாக எகிறி நின்றது. தகரத்துக்குக் கனமே இல்லை, அதனால் சூரியன் ஏற ஏற அதுவும் கூடவே ஏறுகிறது. தடித்த சுவரின் கோடு மெல்ல ஏறி சாயங்காலம்தான் உச்சிக்கு வருகிறது. தரைக் கோடு கிட்டத்தட்ட நேர்கோடு, பகல் முழுக்க அதுதான் எல்லாவற்றுக்கும் கீழே. அம்மா படுத்திருந்த இடம்!

மகள் சொன்ன கணக்கு சுலபமானது. காற்று அதிகம் வீசாத அறையில் உடம்பு உணரும் சூடு என்பது, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். உதாரணத்துக்கு, காற்று 33 டிகிரி, பரப்புகள் 41 என்றால் உடம்புக்கு 37. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் சொல்லாத நாலு டிகிரி அது. மெத்தைக் கட்டிலில் படுத்தால் தரையின் குளிர்ச்சி உடம்பில் படாது, கூரையின் சூடு மட்டும் மேலே இறங்கிக்கொண்டே இருக்கும். ஏசி போட்டால் காற்று குளிரும், கூரை அது பாட்டுக்குக் காயும்.

இதைக் கேட்டபோது அப்பா ஞாபகம் வந்தது. சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்ட் வேலை. அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். மேலே ஆலை வைத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்புவார்கள். "காத்து வரும்டா, ஆனா பாறை விடாது" என்பார். அப்பா பக்கவாட்டில் பட்டதை அம்மா தலைக்கு மேல் பட்டுக்கொண்டிருந்தார். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் எங்களுடையது, சுரங்கத்துக்காக வந்தது. தொழிலாளி தலைக்கு மேல் வெறும் தகரம்.

அதே படத்தில் ஜனவரி விடியற்காலையையும் பார்த்தோம். இப்போது கூரைக் கோடு காற்றுக்கும் கீழே! தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் சூட்டை இழக்கிறது தகரம். அடுப்பு, மூச்சு, ஈரத்துணியால் வந்த ஈரம் அதன் அடியில் பட்டு நீராகிறது. மார்கழியில் எங்கள் போர்வை மேல் சொட்டிய தண்ணீர் இதுதான். ஓட்டை என்று நினைத்து அப்பா எத்தனை முறை தார் அடைத்திருப்பார்!

தம்பிக்குத் தகரம் என்றாலே கௌரவக் குறைச்சல். அவனிடம் ஒன்று சொன்னேன். இங்கே மெல்போர்னில் நான் கடன் கொடுக்கும் பெரிய பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் தகரத்துக்குக் குறைச்சலில்லை. வண்ணம் பூசிய எஃகுத் தகடு, அவ்வளவுதான். வித்தியாசம் கீழே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் வெப்பத்தடுப்புப் பஞ்சும் உட்கூரையும் இருக்கும். இந்தியாவிலும் 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக்கூடாது என்கிறது. வெறும் தகரம் அதைப்போல் பல மடங்கு கடத்தும்.

மகள் கணக்கில் இரண்டே மாற்றம் செய்தாள். மேலே வெள்ளைப் பூச்சு. கீழே இடைவெளி விட்டு ஜிப்சம் போர்டு, அதன்மேல் 50 மில்லிமீட்டர் ராக்வூல். பளபளக்கும் தகரம் வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பினாலும், வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் மகா கஞ்சன். துருப்பிடித்தால் வாங்குவதும் கூடிவிடும். வெள்ளைப் பூச்சு குறைவாக வாங்கி, வாங்கியதையும் சீக்கிரம் விட்டுவிடும். மறுபடி ஓட்டியதும் எகிறி நின்ற கோடு இறங்கி வந்து மற்ற ஐந்தோடும் சேர்ந்துகொண்டது. போர்டுக்கு மேலே ஈரம் தங்காமல் இரு முனையிலும் காற்று போக வழி விடச் சொன்னாள்.

படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு நாள் பேசவில்லை. மறுநாள், "அம்மா சொன்னது சரிதான் போல" என்றான். ஜனவரியில் வேலை முடிந்தது. அடுத்த ஏப்ரலில் அம்மா மதியத்தில் வெளியே நிழல் தேடிப் போகவில்லை. தரையில் படுப்பதை மட்டும் விடவில்லை, கட்டிலில் மடித்த துணி இருக்கிறது :-)

உங்கள் அப்பா அம்மாவும் ஊரில் மேல்மாடியில் இருக்கலாம். காங்கிரீட் மொட்டை மாடியின் கதை வேறு. பகலில் வாங்கிய சூட்டை அது ராத்திரியில்தான் உள்ளே இறக்கும். ஏசிக்குப் பணம் அனுப்பும் முன், எந்தப் பக்கம் சுடுகிறது என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாள் முழுக்க அந்த அறையில் இருப்பவர்கள் அவர்கள்தான்.